றஊப் நானாவின் ஆறெழுத்துச் சொல்

எழுத உட்கார்ந்தால் றஊப் பேனாவை முதலில் இடது கையால்தான் எடுப்பார். வலது உள்ளங்கையைக் காற்சட்டையின் பின்பக்கத்தில் இரண்டு தரம் துடைப்பார். முன்பக்கம் எந்நேரமும் கிறீஸ் அப்பியிருக்கும் என்பதால் அந்தப் பக்கம் கை போகாது. பிறகு பேனா கை மாறும். கொப்பியின் கடைசிக் கட்டத்தில் ஆறு ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக நட்டு வைப்பார். முதலாம் எழுத்துக்கும் நாலாம் எழுத்துக்கும் தலைக்கோடு போடுவது கடைசியில். மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டையும் இழுப்பார். இரண்டாவது கோடு மட்டும் ஒருநாளும் சொன்ன சொல் கேட்டதில்லை. கட்டத்தைத் தாண்டி வெள்ளைத் தாளுக்குள் ஓடிவிடும். கொப்பியைத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, "டெஸ்டட்" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் பேனாவுக்கு மூடி.

துறைமுகத்தின் உட்கரையில், சீனக்குடாப் பக்கமாக, படகு திருத்தும் ஒரு பட்டறையில் அவருக்கு வேலை. கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்து மோட்டார் சைக்கிளில் வருவார். இரும்புப் படகுகளின் அடியில் இருக்கும் தாங்கிகளுக்குள் தகடு வெட்டவோ ஒட்டவோ ஆட்கள் இறங்குவதற்கு முன், உள்ளே இருக்கும் காற்று மனிதனுக்கு ஆகுமா என்று பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பு. சவர்க்காரப் பெட்டி அளவில் மஞ்சள் நிற மீற்றர் ஒன்று, அதில் மெல்லிய நீளக் குழாய். குழாயைத் தாங்கியின் வாய்க்குள் விட்டு மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் பார்ப்பார். நாம் வெளியில் நின்று இழுக்கிற காற்றுக்கு ஒட்சிசன் நூற்றுக்கு இருபது தசம் ஒன்பது என்று காட்டும். பத்தொன்பதரைக்குக் கீழே போனால் இறங்க விடமாட்டார். எண் சரியென்றால் கொப்பியில் அந்த ஆறெழுத்துச் சொல் விழும். அது இருந்தால்தான் களஞ்சியத்தில் வெட்டுகிற காஸ் போத்தல் கொடுப்பார்கள்.

ஆங்கிலத்தில் றஊப்புக்கு உறுதியாகத் தெரிந்த சொல் அது ஒன்றுதான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தாளைக் கொண்டுபோய் வீட்டில் எழுதிப் பழகினார். மகள் ஷிஃபானா எட்டிப் பார்த்தாள்.

"வாப்பா, இதுக்குக் கருத்துத் தெரியுமா?"

"சோதிக்கிறது."

"இல்ல வாப்பா. சோதிச்சாச்சு. முடிஞ்சாப் பிறகு சொல்லுற சொல் இது. முடியாம எழுதினாப் பொய்."

அந்த 'ஆச்சு' அவருக்குப் பிடித்துப் போயிற்று. மறுநாள் பட்டறையில் எல்லோருக்கும் சொன்னார்: "ஒரு சொல்லுக்குள்ள வேலையும் இரிக்கி, முடிஞ்ச சேதியும் இரிக்கி. இங்கிலீசுக்காரன் சிக்கனக்காரன்டாப்பா."

பட்டறை அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டது. தேநீர் வாளி வந்தால் முதல் மிடறு குடித்தவன் "டெஸ்டட்" என்பான். மதுசனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்த அன்று, "என்னடாப்பா, டெஸ்டடோ?" என்று கேட்டார்கள். "ஓமோம், அவையள்தான் என்னை டெஸ்ட் பண்ணினவை. பெயில்," என்றான் மதுசன். றஊப்பும் சிரித்தார். ஆனால் கொப்பியில் எழுதும்போது சிரிக்கமாட்டார். அப்போது யாராவது பேசினால் கையை உயர்த்தி நிறுத்துவார்.

வெல்டர் ரஜீவன் மட்டும் அந்த நேரத்தில் பேசவே மாட்டான். கிளிவெட்டிக்காரன், முப்பது வயது, மெலிந்த ஆள். றஊப் எழுதும் வரைக்கும் பின்னால் நின்று பார்ப்பான். அவர் எழுந்து போன பின்பும் கொப்பியண்டையில் கொஞ்ச நேரம் நிற்பான். அவன் அங்கே என்ன செய்கிறான் என்று றஊப் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமைகளில்தான் சொல் பிசகத் தொடங்கியது. பன்னிரண்டு மணிக்கு றஊப் ஜும்ஆத் தொழுகைக்குப் போனால் திரும்பி வர ஒன்றேகால் ஆகும். அதுவரை காஸ் போத்தல் கிடைக்காமல் ஆட்கள் சும்மா இருக்க வேண்டும். போர்மன் தர்மசீலன் ஒரு வழி சொன்னார். இருவருக்கும் ஒரே வயது, பன்னிரண்டு வருடப் பழக்கம். ஆனாலும் தர்மசீலன் அவரை அண்ணன் முறை வைத்து நானா என்பார். இவர் அவரைப் போர்மன் என்பார்.

"நானா, நீங்க போக முன்னம் பின்னேரத் தாங்கிக்கும் எழுதிப்போட்டுப் போங்கோ. நாங்கள் போத்தலை எடுத்து அடுக்கி வைக்கிறம். நீங்க வந்து பாத்தாப் பிறகு இறங்குவம்."

"பாக்காம எப்பிடி எழுதுற?"

"ஏன், நீங்க காலமை பாலத்தில நிண்டுகொண்டு 'இந்தா வந்திட்டன்' எண்டு போனில சொல்லுறேல்லையே? நான் வீட்டில சாறத்தோட நிண்டுகொண்டு 'வெளிக்கிட்டிட்டன்' எண்டுறேல்லையே? ஆரும் அதைப் பொய் எண்டவையோ? வரத்தானே போறம்!"

அது உண்மைதான். இந்தப் பக்கத்தில் அடுப்பில் உலை வைக்காதவளும் "சோறு ஆக்கிட்டன், வாங்கோ" என்பாள். வந்தவரைப் பட்டினி போட்டு அனுப்பியதும் இல்லை. றஊப் எழுதினார். முதல் சில வெள்ளிகளில் அவர் திரும்பும்வரை காத்திருந்தார்கள். பிறகு ஒரு வெள்ளி அவர் வந்தபோது மதுசன் தாங்கிக்குள்ளிருந்து பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். அவை சின்னத் தாங்கிகள். பெயின்ற் பூசியவை, காலையிலிருந்தே திறந்து கிடந்தவை. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காத வெள்ளிகள் இருபதோ முப்பதோ சேர்ந்தன.

அந்த மாதம் பட்டறைக்குப் பழைய 'பாதை' ஒன்று வந்தது. பாலம் கட்டுமுன் ஆட்களையும் வாகனங்களையும் களப்பின் குறுக்கே ஏற்றி இறக்கிய இரும்பு மிதவை. இங்கே அதற்குப் பாதை என்றுதான் பெயர். பாலம் திறந்த பிறகு பதினைந்து வருடத்துக்கு மேல் கரையில் கிடந்தது. இப்போது அதைத் திருத்தி, தண்ணீரில் நின்று வேலை செய்ய ஒரு மேடையாக்கப் போகிறார்கள். சனிக்கிழமை காலை இழுவைப் படகு வந்து கொண்டுபோகும் என்று நாள் குறித்தாயிற்று.

பட்டறையில் அந்தப் பாதையில் போகாத ஆள் இல்லை. தர்மசீலன் அதில்தான் பள்ளிக்கூடம் போனவர். றஊப் கலியாணச் சாமான் ஏற்றியதும் அதில்தான். அது வந்து இறங்கிய நாளில் ஆளுக்காள் தட்டிப் பார்த்தார்கள், ஊரிலிருந்து வந்த சொந்தக்காரரின் முதுகில் தட்டுகிற மாதிரி. எண்ணெய் ஏற்றியதில்லை, மருந்து ஏற்றியதில்லை. அடியில் நாலு தாங்கி, நாலிலும் மிதப்பதற்கான வெறும் காற்று.

"எங்கட பாதைதானே," என்றார்கள். "உதுக்குள்ள என்ன இருக்கப் போகுது?"

மூன்று தாங்கிகளைப் புதன்கிழமையே திறந்து, காற்று ஊதும் புளோவரை ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, றஊப் மூன்று இடத்திலும் பார்த்து எழுதியிருந்தார். நாலாவதின் மூடி அசைய மறுத்தது. துரு அதை உடம்போடு ஒட்டிவிட்டிருந்தது. வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு, மூன்று பேர் சம்மட்டியால் அடித்து, றஊப்பும் கை கொடுத்துத் தூக்கிய பிறகுதான் அது பெயர்ந்தது. செம்மண் போலத் துரு உதிர்ந்து கைகளில் ஒட்டியது. உள்ளே இருந்து ஒரு மணமும் வரவில்லை.

"இந்தா வாயைத் திறந்திட்டார்," என்றார் தர்மசீலன். "நானா, மணி பன்னிரண்டாகுது. எழுதிப்போட்டு ஓடுங்கோ."

"போர்மன், இத நான் வந்து பாக்கிறன்."

"பின்னேரம் தகடு மாத்தி ஒட்டி முடிக்காட்டி நாளைக்கு இழுவைப் படகுக்காரன் வந்து வெறுங்கையோட நிப்பான். போத்தல் எடுக்க மட்டும்தான் கேக்கிறன். இறங்குறது நீங்க வந்தாப் பிறகு."

"வந்தாப் பிறகுதான். நான் பாக்காம ஆரும் இறங்கப்படாது."

"ஓம் ஓம்."

தர்மசீலனின் ஒற்றை ஓம் கல்லில் வெட்டிய எழுத்து. இரண்டு ஓம் அடுத்தடுத்து வந்தால் ஆள் வேறு யோசனையில் இருக்கிறார் என்று பொருள். றஊப்புக்கு அது தெரியும். தெரிந்தும் பேனாவை எடுத்தார். அவசரத்தில் கையைத் துடைக்கக்கூட இல்லை. ஆறெழுத்தும் விழுந்தன. நாலாவது எழுத்தின் கோடு வழக்கம்போல வெளியே ஓடியது. தாளின் ஓரத்தில் சிவப்பாக ஒரு பெருவிரல் அடையாளமும் பதிந்தது.

பள்ளிவாசல் பத்து நிமிடத் தூரம். ஹவுள் தொட்டியின் விளிம்பில் குந்தி, தொழுகைக்கு முன் கைகால் கழுவும் வுழுவுக்காகக் கையை நனைத்தார். தண்ணீர் சிவப்பாக ஓடியது. மறுபடி நனைத்தார். மறுபடியும் சிவப்பு. நகத்தடியிலிருந்தும் ரேகைகளுக்குள்ளிருந்தும் வந்துகொண்டே இருந்தது.

றஊப்பின் கை அப்படியே நின்றது.

பயிற்சியில் ஒரு நாள் முழுக்க அதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மூடிக் கிடக்கிற இரும்பு சும்மா கிடக்காது. துருப்பிடிக்கிற ஒவ்வொரு துளியும் காற்றிலிருந்து ஒட்சிசனை எடுத்துத்தான் பிடிக்கிறது. பதினைந்து வருடம் அந்தத் தாங்கி தன் காற்றைத் தானே தின்றிருக்கிறது. மணம் இருக்காது, கண் எரியாது, இருமலும் வராது. இறங்குகிறவனுக்கு முழங்கால் மடிவதுதான் முதல் அறிவிப்பு. இது அவருக்குத் தெரியாத விடயமா? எண்ணெய்ப் படகு என்றால் நூறு தரம் யோசித்திருப்பார். இது பாதை. கலியாணச் சாமான் ஏற்றிய பாதை.

ஈரக் கையோடு தொலைபேசியை எடுத்தார். தர்மசீலனின் எண் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. கிரைண்டர் ஓடினால் அங்கே இடி விழுந்தாலும் கேட்காது. மறுபடி அடித்தார். தொழுகைக்குப் பாங்கு சொல்லத் தொடங்கியிருந்தது. உள்ளே போகிறவர்களுக்கு எதிராக அவர் வெளியே வந்தார். பழக்கக்காரர் அபூதாஹிர் வாசலில் தோளைப் பிடித்தார்.

"என்ன றஊப், பாங்கு கேக்கயில்லையா? எங்க போற?"

"ஒரு பொய் சொல்லிட்டு வந்திட்டன் காக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

அந்தப் பத்து நிமிடத்தை அவர் எத்தனை நிமிடத்தில் கடந்தார் என்று அவருக்கே தெரியாது. ரயில் கடவையில் வாயில் மூடியிருக்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. முன்னால் ஒரு முச்சக்கர வண்டி நடுத்தெருவில் மெதுவாகப் போனது. ஹோர்னை அழுத்தி அழுத்தி அதன் ஓரமாக மணலில் இறங்கி ஏறினார். வெட்டுகிறவன் இன்னும் போத்தலை உருட்டிக்கொண்டிருப்பான், சாப்பாட்டுப் பொதியைப் பிரித்திருப்பான், கையைக் கழுவப் போயிருப்பான் என்று வழி முழுக்க ரஜீவனுக்கு வேலை கொடுத்துக்கொண்டே வந்தார்.

பட்டறை வாசலில் கிரைண்டர் சத்தம் இல்லை. அதுதான் அவரை உலுக்கியது.

பாதையின் மேல் நாலாம் தாங்கியின் வாயருகே மதுசன் முழங்காலில் நின்றான். ஒரு காலை உள்ளே விட்டிருந்தான். தர்மசீலன் ஒரு கயிற்றை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டிருந்தார். கயிறு விறைத்து நின்றதே தவிர வரவில்லை.

"ரஜீவன்! டேய் ரஜீவன்!" என்று மதுசன் உள்ளே பார்த்துக் கத்தினான்.

உள்ளிருந்து பதில் இல்லை.

"விழுந்திட்டான் நானா, இப்பதான், ஒரு நிமிசம் இல்லை," தர்மசீலனின் குரல் கிழிந்திருந்தது. "கயிறு உள்ளுக்கு வளையில கொழுவிப்போட்டுது. மதுசன் இறங்கி எடுத்துவிடுவான்."

றஊப் பாய்ந்து மதுசனின் கழுத்துப் பட்டியைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். இருவரும் இரும்பில் விழுந்தார்கள்.

"விடுங்கோ நானா! அவன் செத்துப்போவான்!"

"நீ இறங்கினா ரெண்டு மையித்து! புளோவர இழு! மூண்டாம் தாங்கியில இரிக்கி, அத இழுத்துட்டு வா!"

"எனக்கு அவன்…"

"இழுத்துட்டு வாடா!"

மதுசன் அழுதுகொண்டே ஓடினான். யானைத் துதிக்கை போன்ற அந்தப் பெரிய குழாயை இழுத்து வந்து தாங்கியின் வாய்க்குள் விட்டார்கள். கீழே, இரண்டு ஆள் ஆழம்கூட இல்லை, ரஜீவன் பக்கவாட்டில் கிடந்தான். ஒரு செருப்பு ஏணியிலேயே நின்றது. றஊப் குப்புறப் படுத்து, கையை நீட்டி, குழாயின் முனையை அவன் முகத்துக்கு நேரே பிடித்தார். புளோவர் உறுமியது. துரு புழுதியாகக் கிளம்பியது. மற்றக் கையால் மீற்றரின் குழாயை இறக்கினார்.

ஏழு.

"எவ்வளவு?" என்றார் தர்மசீலன். றஊப் புளோவர்க் குழாயின் முனையை இன்னும் அவன் மூக்கருகே தள்ளினார்.

ஒன்பது. பத்து. அந்த எண்கள் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்ததுதான் அவர் வாழ்நாளில் செய்த மிகக் கடினமான வேலை. ஒரு மனிதன் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறான். இவர் ஒரு சவர்க்காரப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னும் என்னத்தைப் பாக்கிறீங்க!" மதுசன் கத்தினான். "மனிசனா நீங்க?"

பதின்மூன்று. ரஜீவனின் சட்டை அசைந்தது. காற்றில் அசைந்ததா நெஞ்சு அசைந்ததா என்று தெரியவில்லை. பதினைந்து. பதினேழு. பதினேழிலேயே நின்றது, நின்றது, பிறகு பதினெட்டு.

"பதினெட்டு!" என்று உரக்கச் சொன்னார். அந்த எண்ணில் வேறு எவனையும் அவர் இறங்க விட்டிருக்கமாட்டார். இன்னொரு கயிற்றை நெஞ்சில் சுற்றி, மீற்றரைக் கழுத்தில் தொங்கவிட்டு, "நான் பேசாம விட்டா இழுங்க, இறங்காதீங்க" என்று சொல்லித் தானே இறங்கினார். இறங்கும்போதும் மேலே ஏறும்வரையும் எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். பதினெட்டு, பதினெட்டரை, பதினெட்டு. இரும்பு வளையிலிருந்து கயிற்றை எடுத்துவிட்டு, ரஜீவனின் இடுப்பில் இருந்ததைக் கக்கத்துக்கு ஏற்றிக் கட்டினார். மேலே இழுத்தார்கள். வெயிலில் கிடத்தியபோது உதடு கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. தர்மசீலன் அவன் கன்னத்தில் அறைந்து அறைந்து பெயர் சொன்னார். அம்புலன்ஸ் வருவதற்குள் அவன் ஒருதரம் இருமினான். அந்த இருமலைக் கேட்டுத்தான் றஊப் தாங்கியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

மாலை நாலு மணிக்கு, ஆள் பிழைத்துக்கொண்டான் என்று ஆஸ்பத்திரியிலிருந்து மதுசன் சொன்ன பிறகு, தர்மசீலன் கொப்பியோடு வந்தார். மேலிடத்திலிருந்து திங்கட்கிழமை விசாரிக்க வருகிறார்கள்.

"நானா, இந்தப் பக்கத்தைக் கிழிச்சுப்போடுவம். நான்தான் எழுதச் சொன்னனான், நான்தான் இறக்கினனான். உங்கட கையெழுத்து இதில இருக்கத் தேவையில்லை."

"எழுதினது நான்தானே போர்மன்."

"நான் கேட்டதாலதானே?"

"கேட்டது நீங்க. எழுதினது நான்."

றஊப் பேனாவை இடது கையால் எடுத்தார். வலது கையைப் பின்பக்கத்தில் துடைத்தார், இரண்டு தரம். அந்த ஆறெழுத்தின் கீழே ஆங்கிலத்தில் என்ன எழுதுவதென்று அவருக்குத் தெரியவில்லை. அந்தக் கொப்பியில் முதல்தரமாகத் தமிழில் எழுதினார்: 'நான் சோதிக்கவில்லை. சோதிக்காமல் எழுதினேன். றஊப்.' பிறகு பின்னால் புரட்டி, நினைவில் இருந்த வெள்ளிக்கிழமைகளுக்கெல்லாம் அதையே எழுதத் தொடங்கினார். தர்மசீலன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றின் கீழும் தன் பெயரையும் வைத்தார்.

மீற்றர் அடுத்த வாரம் வேறு கைக்குப் போனது. விசாரணையில் றஊப் கொப்பியில் எழுதியதற்கு ஒரு சொல் கூடவோ குறையவோ சொல்லவில்லை. வேலையை விட்டு நிறுத்தவில்லை, ஆனால் இப்போது அவர் பிடிப்பது புளோவர்க் குழாயைத்தான். தாங்கிக்குள் ஆள் நிற்கும் வரை அந்த இடத்தை விட்டு அசையமாட்டார். வெள்ளிக்கிழமைகளில் அவர் வரும்வரை பட்டறை சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கிறது.

ஒரு மாதம் கழிந்து, கிளிவெட்டிக்கு ரஜீவனைப் பார்க்கப் போனார். எப்படி மன்னிப்புக் கேட்பதென்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார். ரஜீவன் வயலுக்குப் போயிருந்தான். அவன் மனைவி லதுசா தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"நீங்கதானே அண்ணன் அந்தச் சொல் எழுதுறவர்?" என்றாள். "கோடு வெளியால ஓடுமே, அது."

றஊப்புக்கு விளங்கவில்லை. அவள் தன் தொலைபேசியை எடுத்துக் காட்டினாள். அவளுடைய அப்பா கிணறு துப்புரவாக்க இறங்கி, ஏறி வராமல் போனவர். அதனால் கலியாணமான முதல் மாதமே அவள் ரஜீவனிடம் ஒரு சத்தியம் வாங்கியிருந்தாள்: றஊப் நானா எழுதியதைப் படம் பிடித்து அனுப்பி, அவள் பதில் வந்த பிறகுதான் தாங்கிக்குள் இறங்க வேண்டும். இருவருக்கும் அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாது. கோட்டைப் பார்த்துத்தான் அறிவார்கள்.

நூற்றுப் பதினொரு படங்கள் இருந்தன. அவள் விரலால் தள்ளிக்கொண்டே போனாள். கடைசிப் படத்தில் தாளின் ஓரத்தில் சிவப்பாக ஒரு பெருவிரல் அடையாளம் இருந்தது. அதன் கீழே, அந்த வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு இருபதுக்கு அவள் அனுப்பிய பதில்: 'ஓம், இறங்குங்கோ.'